வெள்ளையடித்த புகைபோக்கி

நில அதிர்வு வந்த மறுநாள், சேதம் இல்லை என்று நான் நிருபராக இருக்கும் பத்திரிகையில் போட்டிருந்தார்கள். நன்னிலம் பக்கம் பாத்திரங்கள் லேசாக அதிர்ந்தன, அவ்வளவுதான். அம்மா வேலை பார்க்கும் அரிசி ஆலையின் உயரமான கான்கிரீட் புகைபோக்கியைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. கட்டடப் பொறியாளரான என் தங்கை மட்டும், ஊருக்கு வந்ததும் பையை இறக்காமலே ஆலைக்குப் போகலாம் என்றாள். நானும் போனேன்.

குறுவை நெல் குவிந்திருந்த நேரம். மறுநாள் ஆயுத பூஜை. முதலாளி முஸ்லிம், பூஜை தொழிலாளர்களுடையது, பொரியும் சுண்டலும் அவர் செலவு. வழக்கம்போல எந்திரங்களைத் துடைத்து, புகைபோக்கியின் அடிப்பகுதிக்குப் புது வெள்ளை அடித்திருந்தார்கள்.

"சுண்ணாம்பச் சுரண்டணும் பாய்" என்றாள் தங்கை.

"நேத்துதாம்மா அடிச்சோம். அன்னிக்கு ஆட்டத்துல மேசையில இருந்த டம்ளர்கூட விழல."

"டம்ளர்ல யாரும் ஓட்டை போடல பாய்."

அவர் சிரித்துவிட்டார். ஆனாலும் ஆள் விட்டுச் சுரண்டச் சொன்னார். உமியில் எரியும் புதுக் கொதிகலன் வைத்தபோது, அதன் புகைக்குழாயை நுழைப்பதற்காகப் புகைபோக்கிச் சுவரில் இன்னொரு வாசல் வெட்டியிருந்தார்கள். குறுக்கே வந்த இரும்புக் கம்பிகளை அறுத்துவிட்டு, மிச்ச இடைவெளியில் செங்கல் வைத்துப் பூசியிருந்தார்கள். அந்த வாசலின் மூலையில் கிளம்பிய வெடிப்பு பின்பக்கம் வரை சுற்றிப் போயிருந்தது. தங்கை அதில் நகத்தை விட்டுப் பார்த்தாள். அறுத்த கம்பிக்கு ஈடாக ஓரத்தில் வேறு கம்பி கொடுத்திருக்க வேண்டும். நிலம் ஆடும்போது புகைபோக்கி ஒடிவது இப்படிப்பட்ட இடத்தில்தான் என்றாள். கொதிகலனை அணைக்க வேண்டும், கீழே களத்தில் ஒருவரும் நிற்கக் கூடாது என்றும் சொன்னாள்.

முதலாளியின் முகம் மாறியது. "தொட்டியில நெல்லு ஊறுதும்மா. இன்னிக்கு அவிக்கலன்னா நாறிப்போயிடும். இது விழவே இல்லன்னா?"

"விழலன்னா என்னைத் திட்டுங்க. விழுந்தா, திட்டுறதுக்கு ஆள் இருக்கணும்ல."

களத்தில் நெல் துழாவிக்கொண்டிருந்த பெண்கள் அம்மாவைப் பிடித்துக்கொண்டார்கள். "உம்மவ படிச்சது எங்க பொழப்பக் கெடுக்கவாக்கா?"

அம்மா கூடையில் நெல்லை அள்ளிக்கொண்டு வெளியே தார்ச்சாலைக்கு நடந்தாள். அறுவடைக் காலத்தில் விவசாயிகள் நெல் காயப்போடும் சாலைதான் அது. முணுமுணுத்தபடியே மற்றவர்களும் பின்னால் போனார்கள். ஊறிய நெல்லை முதலாளி வேறு ஆலைக்கு ஏற்றி அனுப்பினார்.

பூஜை வெளிவாசலிலேயே நடந்தது. அதற்குப் பிறகு டீக்கடைக்குப் போகும்போதெல்லாம் தங்கையை யாராவது சீண்டினார்கள்.

"என்னம்மா, சிம்னி இன்னும் நிக்குது போல?"

"நிக்குது. கிட்டப் போயிடாதீங்க."

முதலாளி ஏற்பாடு செய்திருந்த இடிக்கும் ஆட்கள் வருவதற்கு முன்பே, மழைக்கு முந்திக்கொண்டு காற்று அடித்த ஒரு பிற்பகலில் அது விழுந்தது. சாலையில் நெல்லை வாரிக்கொண்டிருந்தவர்கள் சத்தம் கேட்டுத் திரும்பினார்கள். வெட்டிய வாசலுக்குச் சற்று மேலே ஒடிந்து, களத்தின் நீளத்துக்கும் துண்டு துண்டாகக் கிடந்தது. காயம்பட்டவர் ஒருவரும் இல்லை. விபத்துச் செய்திகளை நான் இறந்தவர்களின் எண்ணிக்கையில் தொடங்கியே பழக்கப்பட்டவன். இதை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

தூசி அடங்கியதும் பெண்கள் அம்மாவைச் சூழ்ந்தார்கள்.

"அக்கா, களமும் போச்சு, ரோட்டுலயும் மழை வருது. இனிமே நெல்ல எங்க காயப்போடுறது?"

அம்மா முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இருங்கடி. எம்பொண்ணக் கேட்டுச் சொல்றேன்."