என் பெயரில் போன மெயில்

என் தங்கை வீட்டைவிட்டுப் போன நான்காவது மாதம் எனக்கு ஓர் இன்லண்டு லெட்டர் வந்தது. வீட்டுக்கு அல்ல, நான் வேலை பார்த்த கம்பெனி விலாசத்துக்கு. அனுப்புநர் இடம் காலியாக இருந்தது. முத்திரை பெங்களூர் என்றது. யாரிடமோ கொடுத்து அங்கே போடச் சொல்லியிருக்கிறாள். நன்றாக இருக்கிறேன், ஹூப்ளி பக்கம் எங்கேயோ என்று வைத்துக்கொள், ஊர் பெயர் கேட்காதே, உனக்கே தெரியாவிட்டால் உன்னிடமிருந்து யாரும் பிடுங்க முடியாது என்று எழுதியிருந்தாள். கடைசியில் இங்கிலீஷில் ஒரு மெயில் முகவரி. அவள் வேலை பார்க்கும் டிடிபி கடையில் இன்டர்நெட் இருக்கிறதாம். ஓசூரிலும் பிரவுசிங் சென்டர் வந்திருக்குமே, போய் ஒன்று திறந்து இதற்கு எழுது என்றாள்.

அவள் பயந்ததில் தப்பில்லை. ஓசூரில் ஃபிட்டராக இருந்த கன்னடக்காரப் பையனைக் கட்டிக்கொண்டு போயிருந்தாள். சாதியும் வேறு. நாகரசம்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பெரியப்பா மகன்கள் ஒரு வேனை எடுத்துக்கொண்டு மூன்று நாள் பெங்களூரைச் சுற்றிவிட்டு வந்திருந்தார்கள். கையில் கிடைத்தால் என்ன செய்வார்கள் என்று அவர்கள் வாயைத் திறந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை. அப்பா அவளுக்குத் தலைமுழுகிவிட்டார். அம்மாவுக்கு அழக்கூட அனுமதி கிடையாது.

இதெல்லாம் தொண்ணூறுகளின் கடைசியில். பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு மாடியில் பிளைவுட் தடுப்பு போட்டு ஐந்து கம்ப்யூட்டர் வைத்திருந்தார்கள். நான் படியேறி உள்ளே போனதும் அங்கே இருந்த தலைகளெல்லாம் திரும்பின. அங்கே பொம்பளை வருவதே அதிசயம். என்ன பார்க்கிறீங்க, உங்க வேலையைப் பாருங்க என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். நான் அப்படித்தான். பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும்.

மெயில் திறப்பதற்கு ஒரு படிவம் வந்தது. ரேஷன் கார்டுக்கு எழுதுகிற பயபக்தியோடு ஒவ்வொரு கட்டமாக உண்மையை நிரப்பினேன். பிறந்த தேதி, வேலை, சம்பளம், பொழுதுபோக்கு. பொழுதுபோக்கு என்ற இடத்தில் ஓவர்டைம் என்று போட்டேன். என் பெயரைக் கொடுத்தால், அந்தப் பெயரை வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள் என்றது. என் பெயரை எவள் எடுத்தாள் என்று சென்டர்காரரிடம் சண்டைக்குப் போனேன். அவர் ஓசூர்க்காரர்களுக்கே உரிய கலவை பாஷையில், "பின்னாடி நம்பர் சேத்துக்கங்க மேடம். லைன் கட்டாவுது, ஸ்வல்ப சீக்கிரம்" என்றார். கம்பெனி டோக்கன் நம்பரைச் சேர்த்தேன். உள்ளே விட்டது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்கு அந்த மாடிதான். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து எழுதுவோம். அவளுடைய பதில் திரையில் திறக்கும்வரை காத்திருக்கிற நேரத்தில் கண்ட இடத்துக்கெல்லாம் போய்ப் பார்த்தேன். ஆடுகிற கரடி பொம்மை போட்ட வாழ்த்து அட்டை ஒன்றை அவள் பிறந்தநாளுக்கு அனுப்பினேன். அந்தக் கரடி வந்து சேர்வதற்குள் அரை மணி நேரம் போய்விட்டது. முன்பின் தெரியாத யாரோ ஒருவர் தன் தோட்டத்தைப் பற்றிப் பக்கம் வைத்திருந்தார். வந்தவர்கள் கையெழுத்துப் போடலாம் என்றிருந்தது. எங்கள் ஊரிலும் மாந்தோப்பு உண்டு என்று எழுதிவிட்டு மூன்று வாரம் பதிலுக்குப் பார்த்தேன். ஒருநாள் சாட் என்று போட்டிருந்த இடத்தில் நுழைந்தேன். பெண் பெயரைப் பார்த்ததும் பலாச்சுளையில் ஈ மொய்க்கிற மாதிரி மொய்த்துவிட்டார்கள். அக்காவிடம் பேசுகிற பேச்சா இது என்று ஒருத்தனைத் திட்டி அடிப்பதற்குள் அவன் போய்விட்டான்.

இதை என் வீட்டுக்காரரிடம் மறைக்கவில்லை. தங்கைக்கு மெயில் எழுதுகிறேன் என்று சொன்னேன். "ம்" என்றார். அவர் வேறொரு கம்பெனியில் மெஷின் ஷாப்பில் இருந்தார். நல்ல மனிதர் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள், நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தங்கை உண்டாகி ஆறு மாதம் ஆனபோது எழுதினாள். "பிரசவத்துக்கு அம்மா வரமாட்டாங்க. இங்க இவரோட வீட்டுலயும் சேத்துக்கல. நீ ஒருத்தி வந்தா போதும். வர்றேன்னு சொல்லு, எந்த ஊர்னு சொல்றேன்." நான் சூப்பர்வைசரிடம் லீவு கேட்டு வாங்கிவிட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமையே போய், வருகிறேன், ஊரைச் சொல், இரும்பு மாத்திரையை விடாமல் சாப்பிடு என்று எழுதி அனுப்பினேன். எழுதி முடித்தபோது என் ஒரு மணி நேரத்தில் இருபது நிமிடம் மிச்சமிருந்தது. என்னைக் கூட்டிப்போக வந்த வீட்டுக்காரர் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

எங்கள் கம்பெனியில் பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கும். பலகை பலகையாக சர்க்யூட் வரும், நாங்கள் வரிசையாக உட்கார்ந்து பாகங்களைச் செருகுவோம். ஒருத்தி பாத்ரூமுக்கு எழுந்தால் ரிலீவர் உடனே அந்த நாற்காலியில் உட்கார வேண்டும். எல்லாம் எப்படி இருந்ததோ அப்படியே விட்டுவிட்டு எழுந்துவிட வேண்டும். இருக்கை காலியாக இருக்கக் கூடாது. ஏழு வருடத்தில் இது என் உடம்பில் ஊறிப்போயிருந்தது. "நேரம் இருக்குதுங்க, நீங்க குந்துங்க, கிரிக்கெட் ஏதாச்சும் பாருங்க. நான் கீழ காய் வாங்கினு வந்துர்றன்" என்று எழுந்தேன். மெயிலை மூடவில்லை. மூட வேண்டும் என்று தோன்றவே இல்லை.

அடுத்த ஞாயிறு ஓவர்டைம். அதற்கடுத்த ஞாயிறு சென்டரில் லைன் இல்லை. மூன்றாவது ஞாயிறு திறந்தேன். தங்கையிடமிருந்து ஒரு மெயில். ஊர் பெயர் இருக்கும் என்று ஆசையோடு திறந்தேன்.

"சரிக்கா. நீ இப்படிச் சொல்வேன்னு நெனக்கல. இனிமே எழுதல."

அவ்வளவுதான். அதன் கீழே, பதில் எழுதினால் பழைய கடிதமும் கூடவே வருமே, அப்படி ஒரு கடிதம் இருந்தது. என் பெயர் போட்டிருந்தது. நான் எழுதாத கடிதம்.

"யோசிச்சுப் பாத்தேன். நான் வர முடியாது. உன்னால நாங்க தலை நிமிர முடியல. அப்பா சொன்னதுதான் சரி. இனிமே எனக்கு எழுதாத."

அன்றைய தேதி. நான் வருகிறேன் என்று அனுப்பிப் பதினெட்டு நிமிடம் கழித்து. அவர் ஒரு விரலால்தான் தட்டுவார். அத்தனை வரிக்கும் அந்த நேரம் சரியாக இருந்திருக்கும். நான் கீழே கத்திரிக்காயைச் சொத்தை பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "ஏங்க, அந்தப் புள்ளைக்கு எம்பேர்ல என்னாங்க எழுதுனீங்க?"

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே, "பாத்துட்டியா" என்றார். அவருடைய தங்கைக்குக் கல்லாவியிலிருந்து பெண் கேட்டு ஒரு இடம் வந்திருந்தது. "உங்க சம்சாரத்து ஊட்ல ஒண்ணு ஓடிப்போச்சாமேன்னு கேட்டாங்க. எங்களுக்கும் அதுக்கும் பேச்சுவார்த்தையே இல்லன்னு சொல்லிட்டன். சொன்னா சொன்ன மாதிரி இருக்கணும் இல்ல? எந்தங்கச்சி வாழ்க்க."

"அப்ப எந்தங்கச்சி?"

"அவதான் போயிட்டாளே."

எனக்கு அவரை அடிக்க வேண்டும்போல் இருந்தது. அடிக்கவில்லை. கையில் இருந்த கரண்டியை அடுப்புப் பக்கம் வீசினேன். அன்றைக்கு உலை வைக்கவில்லை. அவர் வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு எனக்கும் இரண்டு பரோட்டா பொட்டலம் வாங்கி வந்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாளே பர்மிஷன் போட்டு சென்டருக்குப் போனேன். நடந்ததை அப்படியே எழுதினேன். அது நானில்லை, உன் மாமா, நான் வருகிறேன், ஊரைச் சொல். ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது.

"இத எழுதுறது யாரு? அக்காவா, மாமாவா? மாமான்னா, தயவுசெஞ்சு எங்களத் தேடாதீங்க."

இன்லண்டு லெட்டராக இருந்தால் என் கோணல் எழுத்தைப் பார்த்ததும் தெரிந்திருக்கும். இங்கே எவர் தட்டினாலும் ஒரே எழுத்து. நான்தான் என்று எதைச் சொல்லி நிரூபிப்பது? சின்ன வயதில் அவள் கிணற்றில் விழுந்த கதையை எழுதலாம் என்று நினைத்தேன். அது அவருக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியாமல் நாங்கள் காது குத்திக்கொண்ட கதை. அதுவும் தெரியும். கல்யாணமான ஐந்து வருடத்தில் எங்கள் வீட்டில் நடந்த ஒன்றையும் அவரிடம் நான் சொல்லாமல் விட்டதில்லை. நல்ல குடும்பம் என்றால் அதுதான் என்று நினைத்திருந்தேன்.

கடைசியில் குரல் இருக்கிறதே என்று தோன்றியது. நாங்கள் மாடியில் வாடகைக்கு இருந்தோம், கீழே வீட்டுக்கார அம்மாவுக்கு போன் இருந்தது. அந்த நம்பரை எழுதினேன். ஞாயிறு காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை போன் பக்கத்திலேயே இருப்பேன், நான்தான் எடுப்பேன், என் குரலைக் கேட்டுவிட்டு அப்புறம் முடிவு பண்ணு என்றேன். இவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டுக்கார அம்மாவிடம் மட்டும், ஊரிலிருந்து போன் வரும் என்றேன்.

முதல் ஞாயிறு வரவில்லை. இரண்டாவது ஞாயிறும் இல்லை. வீட்டுக்கார அம்மாவுக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாவது ஞாயிறு பதினொன்றரைக்குத் தெருக்குழாயில் தண்ணீர் வந்தது. எட்டு நாளாக வரவில்லை. வீட்டுக்கார அம்மா தெலுங்கும் தமிழுமாகக் கத்திக்கொண்டு குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார். இரண்டு குடம், ஐந்து நிமிடம் என்று நானும் ஓடினேன். மேலே தூங்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் பேப்பர் எடுக்கக் கீழே இறங்கி வந்திருக்கிறார். இரண்டாவது குடத்தோடு நான் வாசலில் கால் வைத்தபோது ரிசீவரை வைத்துக்கொண்டிருந்தார்.

"யாருங்க?"

"தெரில. ஹலோ ஹலோன்னன். டப்புனு வெச்சிட்டாங்க. ராங் நம்பரா இருக்கும்" என்று பேப்பரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார்.

அவர் பொய் சொல்லவில்லை. போன் அடித்தது, எடுத்தார், அவ்வளவுதான். அந்தத் தடவை அவர்மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. நான் குடத்தை இறக்காமல் அந்த போனையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அது அன்றைக்கு அடிக்கவில்லை. அடுத்த வாரம் நான் எழுதிய மெயில், அப்படி ஒரு முகவரியே இல்லை என்று திரும்பி வந்தது.

அப்போது அவளுக்கு எட்டாம் மாதம். பிறந்தது ஆணா பெண்ணா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.