அக்காவுக்காக எடுத்து வைத்த தாள்

மெஷினிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த தாள் இளஞ்சூடாக இருக்கும். மழை நாளில் யாரும் பார்க்காதபோது அதைக் கன்னத்தில் வைத்துக்கொள்வேன்...

பத்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றதும் லாஸ்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். யார் எது கேட்டாலும் தலையாட்டுவேன். பேச்சு வராது. "மெஷினாவது சத்தம் போடுது, நீ அதுகூட இல்ல" என்பார் முதலாளி அண்ணன்.

ரேவதி அக்கா வந்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால். பி.காம். கடைசிப் பரீட்சை முடிந்த மறுநாள். எம்பிஏ நுழைவுத் தேர்வை முன்பே எழுதி நல்ல மார்க் வாங்கியிருந்தாள். சென்னையில் ஒரு காலேஜுக்கு அப்ளிகேஷன் போட வேண்டும். வீட்டுக்குத் தெரியாமல்.

"டிகிரி போதும்னு அப்பா மாப்ள பாக்குறாரு. சீட்டு கெடச்சிட்டா பேசிப் பாக்கலாம். கையில ஒண்ணும் இல்லாம போய் நின்னா சிரிப்பாரு."

அவள் சொல்லச் சொல்ல நான் டைப் செய்தேன். வேலை அனுபவம் எத்தனை மாதம் என்று ஒரு கட்டம் வந்தது.

"சைபர் போடு. நேத்துதான பரீட்சையே முடிஞ்சுது. உனக்கு எத்தினி மாசம்டி?"

"பதினெட்டுக்கா."

"அப்ப நீயே அப்ளை பண்ணு. நான் ஜெராக்ஸ் போடுறேன்."

அந்தக் கடையில் நான் சத்தமாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

மெயில் இல்லாதவர்களுக்குக் கடை மெயிலையே போட்டுவிடுவது எங்கள் பழக்கம். பதில் வந்தால் நான்தான் பார்த்து போன் செய்ய வேண்டும். அக்காவிடம் மெயில் இருந்தது. ஆனால் அவள் போன் உடைந்து, வீட்டில் அப்பாவின் போன் ஒன்றுதான். அதில் திறக்க பயம். அதனால் கடை மெயிலையே போடச் சொன்னாள்.

"அப்பா நைட் டூட்டி வாட்ச்மேன். பகல்ல தூங்குவாரு, போன் தலமாட்டுல இருக்கும். எடுத்தாருன்னா 'ரேவதி ஜெராக்ஸ் ரெடி'ன்னு மட்டும் சொல்லு. நான் ஓடி வந்துடுறேன்."

ஒரு செவ்வாய்க்கிழமை மெயில் வந்தது. சனிக்கிழமை சென்னையில் இன்டர்வியூ. உடனே பிரின்ட் எடுத்து வைத்துவிட்டு போன் செய்தேன்.

"எவன்டா அது, தூங்குற நேரத்துல?"

வைத்துவிட்டேன்.

மறுநாளும் செய்தேன். "யாரு? பேச மாட்டியா?" என்று ஒரு அதட்டல். மூன்றே வார்த்தை... சொல்லாமலே வைத்துவிட்டேன். முதலாளியைப் பேசச் சொல்லியிருக்கலாம். அதற்கும் கூச்சம். அக்காவே வந்துவிடுவாள் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

திங்கட்கிழமை வந்தாள். "ஏதாச்சும் வந்துச்சாடி?"

தாளை நீட்டினேன். நின்றபடியே படித்தாள்.

"போன் பண்ணலயா?"

"பண்ணேங்கா... அப்பா எடுத்தாரு."

"சொன்னியா?"

இல்லை என்று தலையாட்டினேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். தாளை நான்காக மடித்து, மேஜைமேல் வைத்துவிட்டு, "சரி விடு" என்று சொல்லிவிட்டுப் போனாள். பிறகு வரவே இல்லை.

இப்போது எல்லோரும் தங்கள் போனிலேயே அப்ளிகேஷன் போட்டுவிடுகிறார்கள். எங்களிடம் பிரின்ட் எடுக்க மட்டும் வருகிறார்கள். யாருக்காவது போன் செய்ய வேண்டியிருந்தால், யார் எடுத்தாலும் சத்தமாகவே பேசுகிறேன். முதலாளி அண்ணன் கிண்டல் செய்வதை விட்டுவிட்டார்.

போன மாதம் டிராயரைச் சுத்தம் செய்தபோது அந்தத் தாள் கையில் வந்தது. மடிப்பு மஞ்சளாகிவிட்டது. என்ன நினைத்தேனோ, அந்த நம்பருக்கு போன் செய்தேன். அதே குரல்தான் எடுத்தது.

"ரேவதி அக்கா ஜெராக்ஸ் ரெடி" என்றேன்.

"அவ கல்யாணமாயி விழுப்புரம் போயிட்டாளேம்மா..." குரல் அவ்வளவு மென்மையாக இருந்தது. "முக்கியமானதா? நான் வேணா வந்து வாங்கிக்கட்டா?"

"வேணாங்க" என்றேன். "இப்ப அவசரமில்ல."