ஞாயிற்றுக்கிழமையை அழித்தவன்

தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல் அணையும் தளம் கட்டும் வேலைக்குத் திட்ட அட்டவணை போடுவது நான்தான். நீருக்கடியில் வேலை பார்க்கப் புன்னைக்காயலிலிருந்து ஐந்து டைவர்கள் வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடலில் இறங்க மாட்டார்கள். அன்று சர்ச்சில் பூசைக்குப் போவது அவர்கள் ஊர் வழக்கம். என் லேப்டாப்பில் இருந்த ஃபைலில் ஞாயிறு அவர்களுக்கு விடுமுறை.

அந்த ஃபைலைக் கம்பெனியின் பொது சிஸ்டத்தில் ஏற்றச் சொன்னது சென்னைத் தலைமை அலுவலகம். ஏற்றினேன். ஒரே மாதத்தில், நான்கு ஞாயிறு வேலைக்கு வரவில்லை என்று ஐவரின் கேட் பாஸையும் ரத்து செய்துவிட்டார்கள்.

கேட்டில் மறிக்கப்பட்ட மூத்த டைவர் என் முகத்துக்கு நேராகவே கேட்டார்: "பூசைய விட்டுட்டு என்னைக்கு சார் கடல்ல இறங்கியிருக்கோம்? பாஸப் பிடுங்குதாவளே, ஒரு வார்த்தை கேட்டாவளா?"

எனக்கு ரத்தம் கொதித்தது. அவர் எதிரிலேயே சென்னைக்குப் போன் போட்டேன். "ஏசி ரூம்ல இருக்கிற உங்களுக்குக் கடலப் பத்தி என்ன தெரியும்? யாரக் கேட்டு ஞாயித்துக்கிழமைய வேலை நாளா மாத்துனீங்க?"

அந்தப் பக்கம் பேசிய பெண் குரலை உயர்த்தவில்லை. "உங்களக் கேட்டுத்தான் சார். ஃபைல் ஏத்தும்போது, உங்க காலண்டரா, கம்பெனி காலண்டரான்னு சிஸ்டம் கேக்கும். நீங்க கம்பெனி காலண்டர்னு குடுத்திருக்கீங்க. அதுல ஞாயிறும் வேலை நாள்தான்."

படிக்காமலே ஓகே தட்டியது நினைவுக்கு வந்தது.

அன்று மாலையே பாஸ்கள் திரும்பி வந்தன. என் கோபம் இன்னும் ஆறவில்லை; இப்போது அது சென்னை மேல் இல்லை. ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று கம்ப்யூட்டருக்குக்கூடத் தோன்றியிருக்கிறது. அவர்களோடு தினமும் உட்கார்ந்து சாப்பிட்ட எனக்கு, அதைப் படித்துப் பார்க்கத் தோன்றவில்லை.