நத்தையின் பச்சை, முட்டையின் பச்சை

எம்.எஸ்ஸி. விலங்கியல் படிக்கும்போது என் சிநேகிதி செமினாருக்கு எடுத்துக்கொண்டது இரண்டு பிராணிகளை. ஒன்று, ஓடில்லாத பச்சைக் கடல் நத்தை. மற்றது அமெரிக்காக்காரன் ஊர்ப் புள்ளிச் சாலமாண்டர். பார்த்தால் பல்லி, சொந்தமோ தவளைக்கு. நத்தையின் உடம்பிலும் சாலமாண்டரின் முட்டையிலும் பாசியின் பச்சை உண்டு. நன்றாகப் பேசினால் கொச்சியில் ஆராய்ச்சிக்குச் சிபாரிசு செய்வதாகப் பேராசிரியை சொல்லியிருந்தார். ஆனால், திருவனந்தபுரம் தம்பானூரில் டீக்கடை வைத்திருந்த அவள் அப்பா மசியவில்லை. தாயில்லாப் பிள்ளையைத் தனியே அனுப்ப அவருக்குப் பயம். பாவம், வேறொன்றுமில்லை.

கோவளம் பாறையிடுக்கில் நத்தையைப் பிடித்தோம். இலைத்துண்டு மாதிரி என்ன அழகு! மறுநாள் மத்தியானம் கடை பெஞ்சில் பாட்டிலை எடுத்து வைத்தாள். உள்ளே வெளுத்த கந்தல்.

"அடிப்பாவி! ஃபார்மலின்லயா போட்டே?"

"எது கிடைச்சாலும் அதுலதானடி போடுவோம்!"

விலங்கியல்காரர்கள் புத்தியே அதுதான். உயிரோடு ஒன்றைப் பார்த்தால் கை தானாகப் பாட்டிலைத் தேடும். இன்னும் நாலு வார்த்தை திட்டியிருப்பேன், அதற்குள் அவள் அழுதுவிட்டாள்.

"ஏன் மோளே அழுற?" டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு அப்பா வந்தார்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள். "ஃபார்மலின்ல போட்டதுல பச்சையே போயிருச்சுப்பா. இந்த நத்தை பாசியத் தின்னுட்டு, பச்சைய மட்டும் உருவி உடம்புல வச்சுக்கும்ப்பா. சாலமாண்டர் முட்டையில அப்படியில்ல. பாசி முழுசா, உயிரோட குடியிருக்கும். குஞ்சோட கழிவ அது எடுத்துக்கும், குஞ்சு மூச்சு விட அது உதவும்."

"குஞ்சு பொரிச்சப்புறம் அந்தப் பாசி?"

"குளத்துக்குப் போயிரும்."

"தனியாவா? பிழைக்குமா?"

"பிழைக்கும்ப்பா. நத்தை உருவுன பச்சைதான் வெளிய வந்தா பிழைக்காது."

அவர் பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவள் தலையில் கை வைத்தார்.

"சிபாரிசு கிடைச்சா காலம்பற வண்டியில போ. நான் துண்டு போட்டு ஜன்னலோரம் இடம் பிடிச்சுத் தாரேன்."

செமினாரில் வெளுத்த நத்தையைக் காட்டியேதான் பேசினாள், கெட்டிக்காரி. சிபாரிசும் கிடைத்தது. புறப்பட்ட அன்று, வண்டி நிற்பதற்குள் அவர் கூடவே ஓடி, தோள் துண்டை ஜன்னல் வழியே எறிந்து இடம் பிடித்தார். வண்டி நகர்ந்தபோது அவள் துண்டை வெளியே நீட்டினாள்.

அவர் வாங்கவில்லை. "இருக்கட்டும் மோளே, வெயிலடிக்கும்" என்றார்.