கூச்சம் என்று சொல்லித் தப்பித்தது

சின்ன வயதிலிருந்தே நான் கூச்ச சுபாவம். வீட்டுக்கு யாராவது வந்தால் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன். ‘பெண் பிள்ளை என்றால் இப்படி அடக்கமாக இருக்க வேண்டும்’ என்று வந்தவர்கள் மெச்சினார்கள். பேசாமல் இருந்தே நல்ல பெயர் வாங்கலாம் என்றால் யார்தான் வாயைத் திறப்பார்கள்?

1991இல் பென்னலூர்ப் பக்கம் ஒரு சின்னத் தொழிற்சாலையில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். தகடு வெட்டும் பிரஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் குன்றத்தூர்க்காரி ஒருத்தி வேலை செய்தாள். என் வயதுதான், வீட்டில் உருது பேசுகிறவள். அந்த மெஷினில் இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் அச்சு இறங்கும். கை உள்ளே போகாமலிருக்க அந்த ஏற்பாடு. ஆனால் அப்படிச் செய்தால் ஒரு நாளைக்கு இத்தனை என்று கொடுத்த கணக்குக்கு வேலை முடியாது. அதனால் தீப்பெட்டி அட்டையை மடித்து ஒரு பட்டனில் செருகிவிட்டு ஒரு கையாலேயே ஓட்டுவோம். எங்களுக்கு அதைச் செய்து காட்டியவரே சூப்பர்வைசர்தான்.

ஒரு நாள் காலை ஷிப்டில் அவளுடைய வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது.

மேனேஜர் விசாரணை வைத்தார். அட்டை செருகியது அவளுடைய சொந்தப் புத்தி என்றார் சூப்பர்வைசர். அது அப்படியே நின்றால் அவளுக்கு நஷ்ட ஈடு கிடையாது, வேலையும் கிடையாது. சூப்பர்வைசர் சொல்லிக்கொடுத்ததைப் பார்த்த இன்னொரு ஆள் நான் மட்டும்தான்.

“இன்னாம்மா, நீ பாத்தியா? சொல்லு” என்று மேனேஜர் மூன்று தடவை கேட்டார். சூப்பர்வைசர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“கூச்சப்படுது சார், வுட்ருங்க” என்றார் சூப்பர்வைசர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். “அத்தினி பேர் முன்னாடி எனக்குக் கூச்சமா பூடுச்சிடி, வாயே வரல” என்றேன்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

“எங்க வூட்ல கூச்சத்துக்கு ஷர்ம்னுவாங்க. ஹயான்னும் ஒண்ணு கீது, தப்பு பண்ண மனசு கூசுது பாரு, அது. பயந்துகினு வாய மூடிக்கிறவங்கள அப்டிலாம் சொல்ல மாட்டாங்க. புஸ்தில்னுவாங்க. ஆட்டு நெஞ்சுக்காரின்னு அர்த்தம்.”

“நான் எதுடி?”

“அது உனுக்குத்தான் தெரியும். டீ ஆறுது, குடி.”

குடித்தேன். திங்கட்கிழமை மேனேஜர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டேன். திங்கட்கிழமையும் போகவில்லை, அதற்கு அடுத்த நாளும் போகவில்லை. வாரக் கடைசியில் அவளைக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள்.

மறு மாதம் என்னை நிரந்தரமாக்கினார்கள். என்னைப் பற்றிச் சூப்பர்வைசர் ஆங்கிலத்தில் எழுதிய குறிப்பை ஆபீசில் காட்டினார்கள். ‘ஷை’ என்று எழுதியிருந்தார். கூச்ச சுபாவம், நம்பலாம் என்று பாராட்டு. பயந்தவளுக்கு ஆங்கிலத்தில் ‘டிமிட்’ என்று தனியாக ஒரு சொல் இருப்பது பள்ளியில் படித்த எனக்கே தெரியும். அவருக்குத் தெரியாமலா இருக்கும்? நான் அதையும் கேட்கவில்லை. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.