முப்பத்தெட்டு வயதில் இளம் ஆராய்ச்சியாளர்

கோப்பில் மூன்றே வரி நோட் போட்டு ஒரு டாக்டரின் லிஸ்பன் பயணத்தை நிறுத்தப் பார்த்தவள் நான். மருத்துவக் கல்லூரி அலுவலகத்தில் முப்பது வருஷம் பேனா பிடித்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். செக்‌ஷனுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. திருப்பிய விண்ணப்பம்

டாக்டர் மலர்விழி எங்கள் கல்லூரியில் உதவிப் பேராசிரியர். சர்க்கரை நோயாளிகள் வெறுங்காலோடு கிரிவலம் போனால் பாதம் என்ன ஆகிறது என்று ஆராய்ந்தவர். பௌர்ணமிதோறும் பகல் வெயிலிலேயே சாலையோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நடந்து வருகிறவர்களின் உள்ளங்காலைப் பரிசோதிப்பார். கொப்புளம் வெடித்ததுகூடத் தெரியாமல் சுற்றி முடித்தவர்கள் உண்டு. அந்த ஆய்வை லிஸ்பன் மாநாட்டில் வைக்க, இளம் ஆராய்ச்சியாளர் பயண விருதுக்கு விண்ணப்பித்திருந்தார். கிடைத்தால் விமான டிக்கெட், தங்கும் அறை எல்லாம் மாநாட்டுக்காரர்கள் பொறுப்பு. கிடைக்காவிட்டால் போக வழியே இல்லை. தகுதி உண்டு என்ற டீன் சான்றிதழோடு, அது என் மேஜைக்கு வந்த மறுநாள் மாலை ஐந்துக்குள் அனுப்பியாக வேண்டும்.

நான் பிறந்த தேதியைப் பார்த்தேன். ‘வயது முப்பத்தெட்டு. இளம் ஆராய்ச்சியாளராகக் கருத இயலாது. திருப்பலாம்’ என்று நோட் போட்டேன். டீனும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டார். என் நோட் என்றால் அவ்வளவு நம்பிக்கை!

2. ஊட்டிக்கா போனீங்க?

மறுநாள் மதியம் மலர்விழி என் மேஜை முன்னால் வந்து நின்றார்.

“மேடம், விருது விதியில வயசுன்னு எங்கயும் போடலையே. மேல்படிப்பு முடிச்சு அஞ்சு வருஷத்துக்குள்ளன்னுதான் இருக்கு.”

“உங்களுக்கு ஆறு வருஷம் நாலு மாசம் ஆயிடுச்சே. அப்பவும் ஜாஸ்திதானே?”

அவர் காகிதத்தை எடுத்துக்கொண்டு திரும்பினார். எனக்கு என்னவோ போலாகிவிட்டது. கூப்பிட்டு வாங்கி, விதிகளைக் கடைசிப் பக்கம் வரை படித்தேன். மகப்பேறு விடுப்பைக் கழித்துக் கணக்கிடலாம் என்று அடியில் இருந்தது.

“இதைப் பாத்தீங்களா?”

“பாத்தேன் மேடம். சம்பளத்தோட எடுத்த லீவுதானே அது? அதுவுமில்லாம, குழந்தை பெத்ததைச் சொல்லி விருது கேக்கறதான்னு கூச்சமா இருந்துது.”

எனக்கு வந்ததே கோபம்! “பின்ன, அந்த லீவுல ஊட்டிக்கா போனீங்க?” என்று கத்திவிட்டேன். செக்‌ஷனே நிமிர்ந்து பார்த்தது. கோபம் அவர்மேல் இல்லை. இரண்டு பிள்ளை பெற்ற நானே அப்படி ஒரு நோட் போட்டிருக்கிறேனே என்றுதான்.

அவருடைய சர்வீஸ் ரெஜிஸ்டரை எடுத்தேன். ஒன்பது மாதம் ஒரு விடுப்பு, பன்னிரண்டு மாதம் ஒரு விடுப்பு. இரண்டு பதிவும் நானே என் கையால் எழுதியவை. கழித்தால் நாலு வருஷம் ஏழு மாதம். சான்றிதழை டைப் செய்து எடுத்துக்கொண்டு இருவரும் ஆட்டோவில் வேங்கிக்காலுக்குப் பறந்தோம். டீன் அங்கே கலெக்டர் ஆபீசில், பௌர்ணமி ஏற்பாட்டுக் கூட்டத்தில் இருந்தார். நாலரைக்குத்தான் வெளியே வந்தார்.

“சார், நேத்து நான் போட்ட நோட் தப்பு.”

“உங்க வாயால இதை இப்பதாம்மா கேக்கறேன்” என்று சிரித்தார். விஷயத்தைச் சொன்னேன். “சரி, அதுக்காக முப்பத்தெட்டு வயசுல இளம் ஆராய்ச்சியாளரா?” என்றார்.

“அவங்களுக்குத்தான் சார் முப்பத்தெட்டு. அவங்க ஆராய்ச்சிக்கு நாலு வருஷம் ஏழு மாசம்தான் ஆகுது.”

கார் பானெட்டின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். மலர்விழி அங்கேயே நின்று போனில் படம் பிடித்து அனுப்பினார். ஐந்தாக எட்டு நிமிடம் இருந்தது.

விருது கிடைத்தது. லிஸ்பன் மேடையில் அவர் பேசுகிற படம் என் போனுக்கு வந்தது. பின்னால் திரையில் நம்ம மலை! ஆபீஸ் முழுக்கக் கொண்டுபோய்க் காட்டினேன். பெருமை தாங்கவில்லை எனக்கு.

3. பழைய கட்டு

கையோடு பழைய கோப்புகளையும் புரட்டினேன். அதே மாதிரி என் நோட் இன்னும் இரண்டு இருந்தது. ஒருவருக்கு எதைக் கழித்தாலும் காலம் கடந்துவிட்டது. நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். ஆனாலும் அது இன்றுவரை உறுத்துகிறது. விதியைக் கடைசி வரி வரை படித்துவிட்டுப் பேனாவைத் திறவுங்கள். நான் கற்றது அவ்வளவுதான்.

இன்னொருவர் கீழ்பென்னாத்தூர் ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகியிருந்தார். போன் போட்டு, இந்த வருஷ விருதுக்கு எழுதச் சொன்னேன்.

“எனக்கு நாப்பது முடிஞ்சிடுச்சே மேடம்” என்றார்.

“வயசை யார் கேட்டாங்க டாக்டர்? லீவு எடுத்த தேதியைச் சொல்லுங்க.”