பாஸ்வேர்டு இல்லாத வீடு

போலீஸ் ஜீப் கரமனை அக்ரகாரத்துக்குள் வந்து எங்கள் வாசலில் நின்றபோது, நான் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். என் கணவர் வீட்டிலிருந்தபடியே சாலை பஜார் கடைக்காரர்களுக்கு வரிக்கணக்கு பார்ப்பவர். ஏதோ கடை விவகாரம் என்று நினைத்துக்கொண்டு இறங்கி வந்தேன். அதுவல்ல. நகரத்தில் ஓர் அலுவலகத்தில் குண்டு வைத்திருப்பதாக முந்தின நாள் ஒரு மெயில் போயிருக்கிறது. அது எங்கள் இணைய இணைப்பிலிருந்து போனதாம்.

அவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சட்டைப் பொத்தானைக்கூட அவர் மாற்றித்தான் போட்டிருந்தார். எதிர்வரிசை ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. ஒருவரும் இறங்கி வரவில்லை.

சைபர் பிரிவைச் சேர்ந்த ஓர் இளம்பெண் மட்டும் என்னோடு இருந்தாள். எல்லையோரப் பாறசாலைக்காரி, மலையாளம் கலந்த தமிழ் பேசினாள். மோடம் எது, ரூட்டர் எது என்று கேட்டாள். எனக்கு இரண்டுமே விளக்கு மினுக்கும் பெட்டிகள். டெலிபோன் கம்பி வழியே நெட்டை வீட்டுக்குள் கொண்டுவருவது மோடம், அதைக் கம்ப்யூட்டர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது ரூட்டர் என்று அவளே சொன்னாள். பயத்தில் எனக்குப் பாதிதான் காதில் ஏறியது.

"பேடிக்க வேண்டாம் சேச்சி. ஐ.பி. அட்ரஸ்னா வீட்டு நம்பர் போலத்தான். மெயில் எந்த வீட்டுலேர்ந்து போச்சுன்னு அது சொல்லும். வீட்டுக்குள்ள யாரு எழுதினான்னு சொல்லாது, கேட்டோ."

"நம்மாத்துல நாங்க ரெண்டு பேர்தான்."

"அது சேச்சிக்குத் தெரியும். நெட்டுக்குத் தெரியாது."

ரூட்டரைச் சோதித்தவள், பாஸ்வேர்டே போடவில்லை என்றாள். முன்பு கேபிள்தான் இருந்தது. கேபிள் என்றால் ஒருவன் உள்ளே வந்து செருகினால்தான் உண்டு. எங்கும் உட்கார்ந்து வேலை பார்க்கலாமென்று அவர் வயர்லெஸ் வாங்கிவைத்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன.

லேப்டாப்பைத் திறந்து பிடித்தபடி அவள் தெருவில் நடந்தாள். நானும் கூடவே போனேன். திரையில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. ஆற்றுக்குப் போகும் சந்தின் திருப்பத்திலும் ஒரு கோடு மிச்சமிருந்தது. அங்கே இரண்டு பேர் பைக்கில் சாய்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் குடை பிடித்து நின்றார். எல்லார் முகத்தையும் பார்த்தேன். எல்லாருமே எங்கள் வீட்டுக்குள் நிற்பதுபோல் இருந்தது.

திரும்பி வந்ததும் அவள் ரூட்டரில் பதிவாகியிருந்த எண்களைக் காட்டினாள். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் பிறவியிலேயே ஒரு தனி எண் உண்டாம், மேக் அட்ரஸ் என்று பெயராம். எங்களுடையவை இரண்டு. மூன்றாவதாக ஒன்று இருந்தது. பல நாளாக வந்துபோயிருக்கிறது. நாங்கள் சாப்பிட்டபோதும் தூங்கியபோதும் அது உள்ளே இருந்திருக்கிறது.

விளக்கு வைக்கும் நேரத்தில் அவரை அனுப்பினார்கள். அடிக்கவில்லை, திட்டவுமில்லை என்று மட்டும் சொன்னார்.

பிற்பாடு ஆள் பிடிபட்டான்; அந்த மூன்றாவது எண் அவன் லேப்டாப்புடையது. அந்த அலுவலகத்திலிருந்து நீக்கப்பட்டவன், பின்சந்தில் அறையெடுத்துத் தங்கியிருக்கிறான். பேப்பரில் படம் பார்த்தேன். நான் காய்கறிப் பையோடு வரும்போதெல்லாம் ஒதுங்கி வழிவிடுகிறவன்.

பாஸ்வேர்டு போட்டுக்கொண்டால் போதும் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். அவர் கேட்கவில்லை. வயர்லெஸ்ஸையே அணைத்துவிட்டு, கூடத்தின் குறுக்கே பழைய கேபிளை இழுத்துப் போட்டார். வெகுநாள் வரை காலிங்பெல் அடித்தால் சாப்பாட்டிலிருந்து கையை எடுத்துவிடுவார். நான் போய்ப் பார்த்து, பால்காரர்தான் என்று சொன்ன பிறகே அடுத்த கவளம் எடுப்பார்.